நெயில் பாலிஷ் கோடு

காலை ஐந்தரை மணிக்குக் கோதண்டராமன் வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நிற்கிறார். சக்கரத்து நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் பிடியில் ஒரு காலை வைத்து, வேனின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு காலையும் தூக்கி வைக்கிறார். எழுபத்தெட்டு கிலோ உடம்பு. இரண்டு முறை உந்துவார். 'கிரீச்' என்று சத்தம் வந்தால்தான் இறங்குவார். நான்கு சக்கரம், சக்கரத்துக்கு ஆறு நட்டு. எதிர்வீட்டில் இருக்கும் எங்களுக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை.

முடுக்கி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து நெயில் பாலிஷ் புட்டி வெளியே வரும். மனைவி மஞ்சுவுடையது. சக்கரத் தகட்டில் தொடங்கி நட்டின் மேல்வரை ஒரே கோடாக இழுப்பார். இரவில் யாராவது நட்டைக் கழற்றியிருந்தால் கோடு துண்டாகிக் காட்டிக்கொடுத்துவிடும். விடிந்து பார்க்கும்போது எல்லாக் கோடும் முழுசாகத்தான் இருக்கும். அப்புறம் எதற்குத் திரும்பவும் முடுக்குகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"கழட்டிட்டு, அதே எடத்துல திருப்பிக் கோடு போட்டிருந்தா?" என்றார்.

செஞ்சியில் நெயில் பாலிஷோடு சதிசெய்ய அலைபவர் யார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு நாலைந்து பேர் தோன்றியிருக்க வேண்டும். தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சொந்த வேன், ஒரு தனியார் பள்ளிக்கு ஓட்டுகிறார். இருபத்திரண்டு பிள்ளைகள். வண்டிச் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. குளிக்கும்போதும் அங்கேதான். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போடாமல் உள்ளே விடமாட்டார். ஒரு டாக்டர் எழுதிய மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டி, "இது இன்னாத்துக்கு?" என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்பார். அமாவாசைக்கு மேல்மலையனூர் போனபோது பூசாரி கொடுத்த எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோய், "நேத்துப் பழம்" என்று மஞ்சுவிடம் முணுமுணுத்தாராம். அங்காளம்மன் எதிரிலேயே சொன்னதை மஞ்சு இன்னும் மன்னிக்கவில்லை.

வண்டியை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனதில்லை. மெக்கானிக்கின் கைக்குப் பின்னால் தலையை நீட்டிக்கொண்டே நிற்பார். ஊரில் மூன்று மெக்கானிக்குகள் அடுத்தடுத்து, "வேற எடம் பாத்துக்கங்கண்ணே" என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருப்பது திருவண்ணாமலை ரோட்டில் கடை வைத்திருக்கும் சர்ஃபராஸ் மட்டும். அவன் அவருக்கென்றே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருக்கிறான். அந்த ஸ்டூலுக்குப் பெயர் சி.சி.டி.வி. அங்கே வரும் மினிபஸ் டிரைவர் வெற்றிவேல், "வண்டியில மரையெல்லாம் கெட்டியாத்தான் இருக்குது, அண்ணனுக்குத்தான் ஒண்ணு கழண்டுபோச்சு" என்பான். கோதண்டராமன் சிரிக்கமாட்டார். யார் சொல்லிக்கொடுத்து அப்படிச் சொல்கிறான் என்று யோசிப்பார்.

இதற்கெல்லாம் ஒரு சீயமங்கலம் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன், வேறொருவருடைய வேனை ஓட்டிக்கொண்டிருந்தபோது, சீயமங்கலம் வளைவில் ஒரு சக்கரம் கழன்று தனியாக உருண்டது. முதல்நாள்தான் யாரோ ஒரு மெக்கானிக் டயர் மாற்றியிருந்தான். நட்டுகளைக் கையால் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போனவன் திரும்பி வந்து முடுக்க மறந்துவிட்டான். உள்ளே பதினோரு பிள்ளைகள். ஒருவருக்கும் அடியில்லை. "டயரு நமக்கு முன்னால போவுது அங்கிள்" என்று ஒரு குழந்தை கைதட்டியதாம். இந்த ஒரு வரியைத் தவிர அவர் அதைப் பற்றி வேறெதுவும் பேசிக் கேட்டதில்லை.

போன மே மாதம், பள்ளி வாகன ஆய்வுக்கு முதல்நாள். ஆய்வில் தேறாத வண்டி பள்ளி திறக்கும் நாளில் வீட்டு வாசலிலேயே நிற்கும். பள்ளிக்கூடம் வேறு வேன் பார்த்துக்கொள்ளும். கடைசியாக ஒருமுறை பிரேக்கைப் பார்த்துவிடலாம் என்று சர்ஃபராஸிடம் கொண்டுபோயிருந்தார். என் ஸ்கூட்டரோடு நானும் அங்கே காத்திருந்தேன்.

சர்ஃபராஸ் பின்பக்கச் சக்கரத்தில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினான். நாலாவது நட்டில் 'டப்' என்றது. நட்டோடு சேர்ந்து, அது ஏறியிருந்த வீல் போல்ட்டும் பாதியில் முறிந்து கையோடு வந்துவிட்டது.

கோதண்டராமன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு எனக்கு ஆய்வுன்னு தெரிஞ்சிதான ஒடைச்ச, பாய்?" என்றார்.

கடையில் நாலு பேர் இருந்தார்கள். சர்ஃபராஸ் முறிந்த துண்டைத் துணியில் துடைத்தான். "உள்ள வாங்கண்ணே" என்று பாகங்கள் வைக்கும் சின்ன அறைக்குள் போய் விளக்கைப் போட்டான். அவர் போனார். என்னையும் சாட்சிக்கு வரச் சொன்னார்.

விளக்கடியில் அந்த நட்டைப் பார்த்தோம். அதன் முகத்தில் மஞ்சுவின் ஒரு வருட நகங்களும் இருந்தன. ஓரத்தில் மெரூன், அதை ஒட்டி ரோஸ், அப்புறம் தீபாவளிக்கு வாங்கிய ஜிகினா, கடைசியாக ஆரஞ்சு. கோடுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, மயிரிழை மயிரிழையாக நகர்ந்திருந்தன.

"எவனாச்சும் கழட்டியிருந்தா கோடு இந்தப் பக்கம் போவணும்" என்றான் சர்ஃபராஸ், கருப்பேறிய நகத்தால் காட்டி. "உங்க கோடு மொத்தமும் முடுக்குற பக்கம்தாண்ணே போயிருக்குது."

அவர் நட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அந்தச் சக்கரத்தில் மிச்சமிருக்கும் ஐந்தும் சந்தேகம்தான், மாற்றாமல் வண்டியைத் தரமாட்டேன் என்றான் சர்ஃபராஸ். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பியது. பாகம் விற்கப் பார்க்கிறான். அது சர்ஃபராஸுக்கும் தெரிந்தது. புது நட்டு ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். நான் தொடவே இல்லை, நீங்களே சுற்றிப் பாருங்கள் என்றான். நல்ல போல்ட்டாக இருந்தால் விரலாலேயே அடிவரை ஓடும். அளவுக்கு மேல் முடுக்கி இழுபட்டு நீண்டதாக இருந்தால் நடுவில் நின்றுவிடும்.

அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதல் போல்ட்டில் நட்டு அடிவரை ஓடியது. இரண்டாவதில் பாதியில் நின்றது. மூன்றாவதும் நின்றது. நாலாவதிலும் நின்றது. ஐந்தாவதை அவர் சோதிக்கவில்லை. எழுந்து மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தார். தினமும் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால், தான் ஏறி நின்ற சக்கரங்கள்.

"எல்லாத்தையும் மாத்திடு, பாய்."

பழையவற்றை அடித்து வெளியே தள்ளி, புதியவற்றை இழுத்துப் பொருத்துவதற்குள் ராஜகிரிக் கோட்டை மேலிருந்த வெயில் போய்விட்டது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துதான் இருந்தார், ஆனால் தலையை நீட்டவில்லை. கொஞ்ச தூரம் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை சரியான அளவுக்கு முடுக்க வேண்டும், தானே வந்து முடுக்குவதாகவும் அதுவரை யாரும் கைவைக்கக் கூடாது என்றும் சர்ஃபராஸ் சொல்லி அனுப்பினான். 'யாரும்' என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

மறுநாள் ஆய்வாளர் சின்னச் சுத்தியலால் நட்டுகளைத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். வண்டி தேறியது.

அடுத்த மூன்று நாள் நாங்கள் தாமதமாக எழுந்தோம். ஸ்பேனர் சத்தம் இல்லை. ஆனால் ஐந்தரைக்கு அவர் சக்கரத்தருகே நிற்பதை ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்தேன். ஸ்பேனர் கையில் இருந்தது. மாட்டினாரா என்று தெரியவில்லை.

நாலாம் நாள் மஞ்சுவின் இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். சர்ஃபராஸ் சொன்னபடி வந்து, கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அலமாரியில் மஞ்சுவின் நெயில் பாலிஷ் புட்டி மூடியிருந்தது. டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, இந்த மூணு நாள்ல கைவெச்சீங்களா?"

மஞ்சு என்னைப் பார்த்தாள். கோதண்டராமன் எழுந்தார். வேட்டி மடிப்புக்குள் கையைவிட்டு, அரைஞாண் கயிற்றின் முடிச்சோடு கொஞ்ச நேரம் போராடினார். வண்டிச் சாவியைத் தம்ளர் பக்கத்தில் வைத்து, "நீயே பாத்துக்க, பாய்" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டுப் போனார், வேன் நிற்கும் வாசல் பக்கம் அல்ல, கொல்லைப் பக்கம்.