பாட்டுக்கு நடுவில் இரண்டு செகண்ட்

போன வாரம் ஸ்ரீதர் ஒரு வாட்சப் குரூப் ஆரம்பித்தான். பெயர் 'ஆளுக்குப் பத்து'. எண்பதுகளின் நடுவில் வந்த பாட்டு மட்டும்தான் போட வேண்டுமாம். வேறு வருஷத்துப் பாட்டைப் போட்டால் குரூப்பை விட்டுத் தூக்கிவிடுவேன் என்று மிரட்டல் வேறு. மூட்டுவலித் தைலம் பற்றிப் பேச வேண்டிய வயதில் இதெல்லாம் தேவையா என்று நினைத்துக்கொண்டே நானும் ஒரு லிங்க்கைத் தொட்டேன். அந்த வருஷங்களின் டிரம்ஸ் உங்களுக்கும் நினைவிருக்கும். சிந்தசைசர் வந்த புதுசு. குளியலறைக்குள் யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரியே இருக்கும். எனக்கு அதைக் கேட்டால் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வருவதில்லை. தாம்பரத்தில் காலியாக நிற்கும் மின்சார ரயிலின் வாசனைதான் வரும். இரும்பு, வியர்வை, யாரோ மடியில் வைத்திருக்கும் மல்லிகைப்பூ.

ஏனென்றால் அந்தப் பாட்டுகளை நான் ஒழுங்காகக் கேட்டது அப்போது இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, வேலைக்குப் போகிற காலத்தில்தான். நாங்கள் மூன்று பேர். இன்சூரன்ஸ் ஆபீஸ் ஸ்ரீதர், பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்த்த யூசுப், அப்புறம் நான். தாம்பரத்தில் கிளம்புகிற வண்டி என்பதால் உட்கார இடம் கிடைக்கும். அதற்காகவே யூசுப் பீர்க்கன்கரணையிலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் வருவான். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை முறை வைத்து ஒருத்தர் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டை சிடியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஸ்ரீதரின் கையடக்க சிடி பிளேயர், ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. மூன்றாவது ஆள் கிண்டி வரைக்கும் காத்திருக்க வேண்டும். தண்டவாளம் மாறுகிற இடத்தில் பெட்டி குலுங்கினால் பாட்டு எகிறிக் குதித்துச் சரணத்துக்குப் போய்விடும். இன்றைக்கும் சில பாட்டுகளை நான் அப்படி எகிறித்தான் பாடுகிறேன். வீட்டில் திட்டு விழுகிறது.

சிடி எழுதித் தருகிறவன் நான்தான். என்னிடம்தான் கம்ப்யூட்டர் இருந்தது. ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கிக் கோத்தது; மழைக்காலத்தில் ஓங்கித் தட்டினால்தான் உயிர் வரும். ஆனாலும் சிடி ரைட்டர் வைத்திருப்பவனுக்கு அன்றைக்குத் தெருவில் தனி மரியாதை. கோயில் விழாவுக்குப் பக்திப்பாட்டு, எதிர்வீட்டுக் கல்யாண வீடியோ எல்லாம் என் கை பட்டுத்தான் போகும். தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. பாட்டில் கொஞ்சம் கரகரப்பு இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. ஒரு சாஃப்ட்வேரை வைத்துக்கொண்டு வெட்டு வெட்டென்று வெட்டுவேன். "இவன்கிட்ட குடுத்தா பாட்டு குளிச்சு முழுகி வரும்டா" என்பான் ஸ்ரீதர்.

ஒரு கோடையில் யூசுப் தன் முறைக்கு சிடி பட்டியல் தரவில்லை. பழைய கேசட் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"நான் ஆறாவது படிக்கச் சொல்ல வூட்ல ரேடியோலேர்ந்து பிடிச்சது மச்சான். பன்னெண்டு பாட்டு கீது. முழுசா அப்டியே ஏத்திடு."

"ஏத்திட்டாப் போச்சு. இதுக்கு எதுக்குடா கைக்குட்டை?"

அவன் சிரித்தான். அவ்வளவுதான் சொன்னான். நானும் அவ்வளவுதான் கேட்டேன்.

அந்த வேலை எப்படி என்றால், கேசட்டை ஓடவிட்டு ஒரு வயரைக் கம்ப்யூட்டரில் சொருகிவிட வேண்டும். ஒரு மணி நேரக் கேசட் என்றால் முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். அப்பா பக்கத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டேன். திரையில் கோடு மட்டும் ஓடும். தடித்தடியாக வருவது பாட்டு. முதல் பாட்டுக்கு முன்னாலும் இரண்டு பாட்டுக்கு நடுவிலும் மெலிசாகப் புழு மாதிரி நெளிவது இரைச்சல். எனக்குக் கேட்கவே வேண்டாம், பார்த்தாலே தெரியும் என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பன்னிரண்டு புழுவையும் நசுக்கினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சீராக இரண்டு செகண்ட் இடைவெளி வைத்தேன். வெட்டாத பெரிய ஃபைல் இடத்தை அடைத்ததால் அதையும் அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அம்மா கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "இது வேணுமாடா?"

"வேணாம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு."

யூசுப்பின் கேசட் அது. வேணாம் என்று சொல்ல நான் யார்? அது அன்றைக்குத் தோன்றவில்லை. ஏற்றியாச்சு என்றால் மிச்சம் வெறும் பிளாஸ்டிக் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தோம். நான் கொஞ்சம் அதிகமாக நினைத்தேன்.

திங்கட்கிழமை சிடியைக் கொடுத்தேன். அவனுடைய பாட்டு என்பதால் இரண்டு காதையும் அவனுக்கே விட்டுக்கொடுத்தோம். சானடோரியம் தாண்டும்போது தலையாட்டிக்கொண்டிருந்தான். குரோம்பேட்டையில் பட்டனை அமுக்கினான். பின்னால் போனான், முன்னால் போனான். பல்லாவரம் வந்தபோது இயர்போனைக் கழற்றினான்.

"மச்சான், நடுவுல பேசுறது எங்க?"

"எது?"

"ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி லாத்தா பேசுமே."

லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. அவனுக்கு ஜெரினா என்று ஒரு அக்கா இருந்ததும், பத்தொன்பது வயதில் மஞ்சள்காமாலையில் போனதும் எனக்குத் தெரியும். கேசட்டில் அவள் இருந்தது தெரியாது. ரேடியோவில் பாட்டு முடிந்ததும் பட்டனை மாற்றி, மைக்கில் வாயை வைத்து, அறிவிப்பாளர் மாதிரியே இழுத்துச் சொல்வாளாம். "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டவர்கள்: பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவிலிருந்து யூசுப், யூசுப்பின் லாத்தா, மற்றும் கணக்கில் எட்டு மார்க் வாங்கிய யூசுப்பின் நோட்டுப்புத்தகம்." ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பட்டியல். ஒன்றில் பக்ரீத்துக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆடும் நேயராம்.

ஸ்ரீதர் சத்தமாகச் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இரைச்சல்னு நெனச்சு கட் பண்ணிட்டேன்டா" என்றேன்.

"சரி வுடு. கேசட்டு கீதுல்ல?"

"இருக்கு" என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வாயில் அதுதான் வந்தது.

சாயங்காலம் என்னோடே வீட்டுக்கு வந்தான். அம்மா மொட்டைமாடியில் வத்தல் எடுத்துக்கொண்டிருந்தார். கேசட் எங்கே என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மாடி நெடுக நாலு மூலைக்கும் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு நாடா கட்டியிருந்தது. காற்றுக்கு விர்ரென்று ஒரே ரீங்காரம். உங்கள் வீட்டிலும் கட்டியிருப்பார்கள். அந்தச் சத்தத்துக்குக் காக்கா வராது.

அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும் பதறிப்போனார். "அய்யய்யோ, முக்கியமானதாப்பா? இவன் வேணாம்னு சொன்னானே!"

"இல்லம்மா, சும்மாதான்" என்றான் யூசுப்.

செருப்பைக் கழற்றிவிட்டு, வத்தல் பாயை மிதிக்காமல் ஓரமாகப் போய், ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான். நாலு விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தான். நானும் ஒரு மூலையில் அவிழ்த்தேன். என் கையில் அது அறுந்தது. எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்கூட ஒழுங்காக வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி மாதிரி முகமெல்லாம் மரத்துக் கிடந்தது. அவன் திட்டியிருந்தால் தேவலை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, நாடாச் சுருளை ஜவுளிக்கடைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

மார்க்கெட்டில் ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர் வேறொரு காலிக் கேசட் கூட்டில் சுற்றிப் போட்டுப் பார்த்தாராம். வெயிலில் சுருங்கி, முடிச்சு முடிச்சாக முறிந்திருந்ததாம். ஒரு பாட்டின் பாதி சரணம் வந்ததாம், மிச்சமெல்லாம் உஸ்ஸென்று காற்று. "பரவால்ல மச்சான்" என்று சிடியை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். "இது நீயே வெச்சுக்க. பாட்டு நல்லாத்தான் கேக்குது."

அடுத்த திங்கட்கிழமை ஸ்ரீதரின் முறை. மறந்துவிட்டேன் என்றான். அதற்கடுத்த வாரம் நான் மறந்துவிட்டேன். நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதே பெட்டியில், அதே இடத்தில், இன்னும் இரண்டு வருஷம் ஒன்றாகத்தான் போனோம். கிரிக்கெட் பேசினோம், மழை பேசினோம். அப்புறம் போனிலேயே பாட்டு வந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு காது ஆனது. யூசுப் பொத்தேரிப் பக்கம் சொந்தக் கடை வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நேற்று அவன் கடைக்குப் போயிருந்தேன். குரூப்பில் எல்லோரும் பத்துப் பத்தாகப் போட, அவன் மட்டும் ஒன்றுகூடப் போடவில்லை. அதைக் கேட்கத்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டேன். கேட்டதும் கல்லாவில் உட்கார்ந்தபடியே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிட்டான். "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டவர்கள்..." ஆணி வாங்க வந்தவர் முழித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு பட்டியலும் ஒன்று விடாமல் சொன்னான். ஆடு வந்தது, எட்டு மார்க் வந்தது.

"அப்படியே லாத்தா மாதிரியே சொல்றேடா" என்றேன், என்னமோ நான் அவள் குரலைக் கேட்டவன் மாதிரி.

"இல்ல மச்சான். வார்த்தை அல்லாம் கீது. நெனச்சுப் பார்த்தா அது என் குரல்லதான் கேக்குது. அவ குரல் இன்னா மாரி இருந்துச்சுன்னு எனக்கே மறந்து போச்சு."

சொல்லிவிட்டு ஆணியை நிறுத்துப் போட்டான். நான் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன்.

அந்த ரயில் பெட்டி இல்லை, சிடி பிளேயர் இல்லை. மாடியில் வத்தல் காயப்போட அம்மாவும் இல்லை. அந்த சிடி மட்டும் கீறல் விழாமல் இருக்கிறது. ராத்திரி போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பாட்டும் துல்லியமாகக் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு செகண்ட் சத்தமே இல்லை. அதை நான்தான் வைத்தேன்.