நெருப்பணைக்கும் காஸில் சோடா சுற்றிய என் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன உறவினர்கள், "சாந்தமானவங்க, பொறுமைசாலி, ஒருத்தரையும் கடிஞ்சு பேசாதவங்கன்னு நாலு வார்த்தை போட்டுடும்மா" என்றார்கள். அப்படி ஓர் அக்கா எனக்கு இல்லை. இருந்த அக்காவைப் பற்றித்தான் தங்கையான நான் எழுத முடியும்.

எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கருமாதிப் பந்தியில் ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அந்த நெருப்பணைக்கிற காஸுதான் கடைசில வேலைய காட்டிடுச்சி." அக்காவின் உயிர் பிரிந்தது இதயம் பலவீனப்பட்டதால். மருத்துவர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னது அதுதான். செத்த பிறகும் பழைய பழி அவரை விடவில்லை என்றால், நானும் அதை விடுவதாக இல்லை.

அக்கா பிறந்தது கணியம்பாடிப் பக்கம். வானம் பார்த்த கொல்லையை நம்பிய குடும்பம். எங்களில் மூத்தவர் என்பதால் களையெடுப்பும் அவருக்கு, தம்பி தங்கைகளைத் தூக்குவதும் அவருக்கு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மாமாவைக் கைப்பிடித்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறினார். மாமாவுக்குச் சந்தை ஓரம் ஒரு பெட்டிக்கடை. வீட்டின் பின்பக்கம் கையால் சுற்றும் கோலி சோடா மெஷின்.

ஒருநாள் பாட்டில் வெடித்து மாமாவின் வலது கை கிழிந்தது. விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷின் முன் நின்றார்.

"பொம்பள சோடா சுத்தினா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்றார் மாமா.

"அந்த நாலு பேரும் வந்து சுத்தித் தர்றாங்களா? இல்லதான? அப்ப நீங்க கடையில குந்துங்க."

மெஷினுக்கு வேண்டிய காஸ், சிலிண்டரில் அடிவாரத்திலிருந்து வரவேண்டும். மலை முழுவதற்கும் ஒரே ஏஜென்ட். சிலிண்டரும் அவருடையது, விலையும் அவர் வாய்க்கு வந்தது. மழை பெய்தால் விலை ஏறும், பாதையில் மண் சரிந்தால் ஏறும், பாதையைச் சரி செய்தாலும் இறங்காது.

மாமாவின் கைக்கு வைத்தியம் பார்க்க வாணியம்பாடி போயிருந்தபோது, தோல் தொழிற்சாலைகளின் தீயணைப்புக் கருவிகளுக்குக் காஸ் நிரப்பும் கடை ஒன்றை அக்கா பார்த்தார். வாசலில் நின்ற பெரிய சிலிண்டர்கள் அவருக்குப் பழக்கப்பட்டவையாகத் தெரிந்தன. நேராக உள்ளே போய்விட்டார்.

"பாய், இது இன்னா காஸு?"

"கரியமில வாயும்மா."

"எங்க சோடா மெஷினுக்கும் இதே பேருதான் சொல்றாங்க."

கடைக்காரர் சிரித்தார். "பேரு மட்டுமில்லம்மா, சரக்கும் ஒண்ணுதான். உங்க ஏஜென்ட்டுக்கும் எனக்கும் ஒரே கம்பெனிலேர்ந்துதான் வருது. நெருப்ப அணைக்கறதும் இதான், சோடாவுல ஏப்பம் வர வெக்கறதும் இதான்."

அக்கா ஊர் திரும்பியதும் இரண்டு வெள்ளாடுகளை விற்றார். அந்தப் பணத்தில் பாயிடமே சொந்தமாக ஒரு பழைய சிலிண்டர் வாங்கினார். பாய் அதைச் சோதித்து, கழுவி, ஈரச் சாக்கின் மேல் கிடத்தி, தலைகீழாகச் சாய்த்த பெரிய சிலிண்டரிலிருந்து காஸை ஏற்றிக் கொடுப்பார். ஏஜென்ட் வாங்கியதில் பாதிகூட ஆகாது. பஸ்ஸில் சிலிண்டர் ஏற்ற மாட்டேன் என்றார்கள். புளி மூட்டைகளை இறக்கிவிட்டு மலைக்குக் காலியாகத் திரும்பும் லாரியில் ஏற்றிக்கொண்டு, தானும் முன்னால் உட்கார்ந்து வந்தார்.

அக்கா சோடா விலையைக் குறைத்தார். ஏஜென்ட் சும்மா இருப்பாரா? "தீயணைக்கிற மருந்த சோடாவுல கலந்து குடுக்கறா" என்று கிளப்பிவிட்டார். அதற்குக் கண் காது மூக்கு வைத்தது நம் ஜனங்கள்தான். குடித்தால் வயிற்றில் எரிகிற பசி நெருப்பு அணைந்துவிடுமாம். சாப்பாடு செரிக்காதாம். பெண்களுக்குக் கரு தங்காதாம். அப்போது அக்கா முழுகாமல் இருந்தார். கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அவர் வயிற்றைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாக நடந்தார்கள். வழக்குகளைத் தீர்த்துவைக்கும் ஊர்க்கவுண்டரும் வந்து, "மெஷின நிறுத்தி வையும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார். நிறுத்தினால் அடுப்பெரியாது. அதைவிட, அந்தப் பழி உண்மையென்று ஆகிவிடும்.

"சந்தையில கேட்டுட்டு நிறுத்தறேங்க" என்றார் அக்கா.

அந்த மலைச் சந்தையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. தேன் விற்பவரிடம் யார் வேண்டுமானாலும் "கொளுத்திக் காட்டு" என்று கேட்கலாம். அவர் தேனில் திரியை நனைத்துக் கொளுத்தி, கலப்படமில்லை என்று காட்டியே ஆகவேண்டும். மறுத்தால் அன்று அவரிடம் ஒருவரும் வாங்க மாட்டார்கள். சந்தை நாளில் ஏஜென்ட் வேன் நிறைய சிலிண்டரோடு வந்து, தன்னுடையதுதான் சுத்தமான காஸ் என்று பேசிக்கொண்டிருந்தார். அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் நின்றார்.

"கொளுத்திக் காட்டுங்க."

"இது இன்னா தேனா?" என்றார் ஏஜென்ட்.

"சந்தைக்கு வந்த சரக்குதான? இல்ல, பயமா இருக்குதா?"

கூட்டம் ஏஜென்ட்டைப் பார்த்தது. தேன்காரர் ஒருவர் திரியை நீட்டினார். வேறு வழியில்லாமல் ஏஜென்ட் சிலிண்டரைத் திறந்தார். நேராகத் திரிமேல் அடித்தால் காற்றில் அணைந்தது என்பார்கள் என்று, அக்கா ஓர் அண்டாவுக்குள் காஸை மெல்ல இறங்கவிட்டு மூடச் சொன்னார். பிறகு எரியும் திரியை உள்ளே இறக்கினார். திரி அணைந்தது. அடுத்த அண்டாவில் தன்னுடைய காஸ். அதிலும் அணைந்தது.

"பாத்துக்குங்க. இத்தன வருஷமா நீங்க குடிச்சதும் நெருப்பணைக்கிற காஸுதான். யாருக்குப் பசி போச்சு? யாருக்குப் புள்ள தங்கல? நான் மாசமாத்தான் இருக்கேன், தெனமும் இதான் குடிக்கிறேன்." கோலியைத் தட்டி ஒரு பாட்டிலை அங்கேயே குடித்து முடித்தார். முதலில் கை நீட்டியவர் ஊர்க்கவுண்டர். "எனக்கும் ஒண்ணு குடும்மா" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டில் மிச்சமில்லை. அந்த வயிற்றிலிருந்த மகள் இன்று பள்ளி ஓட்டப்பந்தயத்தில் யாரையும் முன்னே விடுவதில்லை.

மற்ற கடைக்காரர்கள், இனிமேல் எல்லோருக்கும் அக்காவே காஸ் கொண்டுவந்து விற்கட்டும் என்றார்கள். "ஒரு ஏஜென்ட்ட பாத்தது போதும். பாய் கடைய காட்றேன், லாரிக்காரர்கிட்ட சொல்றேன். அவங்கவங்க போய்ட்டு வாங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். அவர் தட்டிக்கழித்த அந்த லாபத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறெரிகிறது. பெருமையாகவும் இருக்கிறது.

கடைசி மாதங்களில் மூச்சு வாங்கியது. மெஷினைச் சுற்றக் கூடாது என்று மருத்துவர் கண்டித்தபோது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மெஷின் சுற்ற வந்த பையனை அதட்டினார். தூக்கத்திலேயே போய்விட்டார்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த மாமாவின் தங்கைகளுக்கும், மலையேறி வந்து பாடைக்குத் தோள் கொடுத்த வாணியம்பாடி பாய்க்கும், வாடகை வாங்காமல் உறவினர்களை ஏற்றி இறக்கிய லாரிக்காரருக்கும், அன்று திரி கொடுத்த தேன்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மறைந்தவர் யார் மனதையாவது நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளும்படி இந்த இடத்தில் கேட்பது வழக்கம். நான் கேட்கப் போவதில்லை. என் அக்கா நோகடித்தவர்கள் எல்லோரும் அதற்குத் தகுதியானவர்கள்.