மூன்றாம் இருக்கையின் துடுப்பு

படகு மன்றத்துப் பட்டறையில் ஓட்டை அடைப்பவருக்குப் ‘பிசின்’ என்று பெயர். கையில் ஒட்டியது முப்பது வருடமாகப் போகவில்லை, பெயரும் அப்படித்தான். இவர் ஒரு பந்தயம் ஜெயித்தவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மன்றத்து வெற்றிப் பலகையும் நம்பவில்லை.

அந்தப் பந்தயத்தன்று மன்றத் தலைவரின் மகன் காய்ச்சலில் படுத்துவிட, மூன்றாம் இருக்கையில் பிசினை ஏற்றினார்கள். அந்த இருக்கைக்கு எப்போதும் வலப்பக்கத் துடுப்பு. பிசினுக்கு இடப்பக்கத் துடுப்பு மட்டுமே வலிக்க வரும். அவருக்காக நால்வரின் துடுப்பையும் பக்கம் மாற்றிப் பூட்டினார்கள். ஜெயித்தார்கள். பலகையில் மகன் பெயர் ஏறியது. கூட வலித்தவர்களில் ஒருவர் போய்ச் சேர்ந்தார். மற்ற இருவருக்கும் வசதியாக ஞாபகம் இல்லை.

சாட்சி ஒன்றுதான். பாலத்தில் நின்று பார்த்த பிசினின் மனைவி, அந்த வாரமே தரைக்கு விரிக்கும் லினோலியத் துண்டில் செதுக்கி, மை தடவி எடுத்த உள்ளங்கையளவுப் படம். பின்னால் தெரிந்த நகரத்துக் கட்டடங்களையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டாள். ஆறும் நாலு பேரும் போதுமாம்.

பலகைக்குப் புது வண்ணம் அடிக்கப்போகிறார்கள் என்றதும், இப்போதாவது தன் பெயரை ஏற்றச் சொல்லலாமென்று, வீட்டுச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு மன்றச் செயலாளரிடம் போனார்.

“மூணாவது ஆளப் பாருங்க சார். துடுப்பு எந்தப் பக்கம்?”

“வலப்பக்கம். எப்பவும் போலத்தானே இருக்கு?”

பிசினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடமும் படத்தில் அவர் பார்த்தது தன் குனிந்த முதுகை மட்டும்தான். மனைவி கண்டதைக் கண்டபடியே செதுக்கியிருக்கிறாள். அச்சில் இடம் வலமாகிவிட்டது.

வீட்டுக்கு ஓடி, செதுக்கிய துண்டையே கொண்டுவந்து நீட்டினார். “இதுல சரியா இருக்கு பாருங்க.”

“செதுக்கினது மாறித்தான் இருக்கும், அச்சுதான் நேர். ரப்பர் ஸ்டாம்ப் பாத்ததில்லையா நீங்க?”

“தெரியாம நேரா செதுக்கிட்டா சார்.”

“நல்ல கதையா இருக்கே!”

ஆனால் படம் செயலாளருக்குப் பிடித்துப்போயிற்று. பலகைக்குக் கீழேயே மாட்டச் சொன்னார். ஆணி அடிக்கப் பட்டறை ஆள்தானே? பிசினே அடித்தார்.

வீட்டு வாசலில் காத்திருந்த மனைவி, “என்னங்க சொன்னாங்க?” என்றாள். அவள்மேல் வந்த ஆத்திரத்தில் அவருக்கு உண்மை வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் தாங்கமாட்டாள்.

“படம் பிரமாதமாம். மாட்டிட்டாங்க.”

“உங்க பேருக்குப் பக்கத்துலயா?”

“பேருக்குக் கீழ,” என்றுவிட்டுக் கை கழுவப் போனார்.

அவள் அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்ல ஓடினாள். நாளைக்கே எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமாம்.