கயிறு கட்ட ஏழு நிமிடம்

நயினாதீவில் தரம் எட்டில் படிக்கும் பத்தொன்பது பிள்ளைகளுக்கும் ஒரே மூளைதான் என்று குறிகட்டுவான் பேருந்தில் ஒரு கதை அடிபட்டது. வேலணையைத் தாண்டுவதற்குள் அது வளர்ந்து, பிள்ளைகள் ஏதோ ஒரு சாமியாரிடம் நூல் கட்டியவர்கள் என்றாகிவிட்டது. உரசிப் பார்த்தால் சாமியாரைக் காணவில்லை. இருந்தவர் கோபிசங்கர். நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே படகு ஓட்டுபவர், வயது நாற்பத்திமூன்று. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கணக்கு மட்டும் அவரை விடவில்லை.

கொரோனாக் காலத்தில் அந்த வகுப்புப் பெற்றோருக்கென்று தொடங்கிய வட்சப் குழு, நோய் போன பிறகும் போகவில்லை. மகள் தாரிகாவுக்கு எப்படியும் சொல்லிக் கொடுக்கிற வீட்டுக்கணக்கைக் கோபிசங்கர் படிப்படியாக ஒரு தாளில் எழுதிப் படம் பிடித்துப் போடுவார். விஞ்ஞானமும் உண்டு. கடல்நீரில் முட்டை ஏன் மிதக்கிறது என்ற கேள்விக்கு, "மூன்றாம் படி: முட்டையைப் பொரிக்கலாம், கொப்பியில் எழுத வேண்டாம்" என்று போட்டவர். கொழும்பில் கடை வைத்திருக்கும் தகப்பன்மார் ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வியாபாரத்துக்குத் திரும்புவார்கள்.

ஒரு திங்கட்கிழமை இந்தக் கணக்கு வந்தது: மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் கதியில் செல்லும் படகு, மூன்று கிலோமீற்றர் தூரத்திலுள்ள தீவை அடைய எவ்வளவு நேரம் எடுக்கும்?

கோபிசங்கர் எழுதினார். பன்னிரண்டு கிலோமீற்றருக்கு அறுபது நிமிடம். ஒரு கிலோமீற்றருக்கு, அறுபதைப் பன்னிரண்டால் வகுக்க, ஐந்து நிமிடம். மூன்று கிலோமீற்றருக்கு, ஐந்தை மூன்றால் பெருக்கப் பதினைந்து நிமிடம். அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபது வருடம் படகு ஓட்டிய கை நிற்கவில்லை. நான்காம் படி: துறையில் முன்னால் நிற்கும் படகு விலகி, கயிறு கட்ட ஏழு நிமிடம். ஆகவே விடை இருபத்திரண்டு.

பத்தொன்பது கொப்பியிலும் கயிறு கட்டியிருந்தது.

கணித ரீச்சர் மேரிசுகந்தி கொப்பிகளை மூடிவைத்தார். "ஆர் செய்து தந்ததெண்டு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியவேணும். இல்லாட்டி எல்லாருக்கும் பூச்சியம். தவணைப் புள்ளியிலையும் சேரும்." பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. தாரிகா வீட்டுக்கு வந்து, சாப்பிட மட்டும் திறந்தாள்.

பூச்சியக் கதை வேறொரு வீட்டு வழியாகக் குழுவுக்கு வந்தது. பின்னாலேயே யசோதரா என்ற தாயின் குரலும் வந்தது. "அண்ணை, போய்ச் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு ஆர் எங்களுக்குக் கணக்குச் செய்து தாறது?"

"பிள்ளையளுக்குப் பூச்சியம் எல்லோ விழப்போகுது?" என்றார் கோபிசங்கர்.

"அது ஒருக்காத்தானே. கணக்கு ஒவ்வொரு கிழமையும் வருது."

அதற்குப் பதினொரு பெருவிரல் விழுந்தது.

மேரிசுகந்தி மண்கும்பானிலிருந்து வந்து, தினமும் கோபிசங்கரின் படகில்தான் கடல் கடப்பவர். வெள்ளிக்கிழமை காலை, துறை வாசலில் முன்படகு விலகும்வரை எஞ்சினை மெதுவாக்கிவிட்டுக் கோபிசங்கர் வாய் திறந்தார்.

"ரீச்சர், அந்தப் படகுக் கணக்கு நான் செய்தது."

"தெரியும் அண்ணை. கேள்வியிலை இல்லாத கயித்தை வேறை ஆர் கட்டப்போயினம்? நீங்களாச் சொல்லுறியளோ எண்டு பாத்தனான்."

"கேள்வியிலை இல்லைத்தான். துறையிலை இருக்கு."

"அடையிற நேரத்தைத்தான் கேட்டது. கட்டுற நேரத்தையில்லை."

"கட்டாமல் எப்பிடி அடையிறது, ரீச்சர்? குதிக்கிறதோ?"

பின்னால் மீன்கூடையோடு இருந்த பெண் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு விழுந்ததும் எழுந்தார்.

"ஏழும் பிழை, அண்ணை. எட்டு."

பூச்சியம் விழவில்லை. முதல் மூன்று படிக்கும் புள்ளி கிடைத்தது. விடைக்குரிய ஒரு புள்ளி மட்டும் பத்தொன்பது பேருக்கும் வெட்டு. இனிமேல் குழுவில் படிகளைப் போடலாம், கடைசி வரியைப் பிள்ளைதான் எழுதவேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை. யசோதரா ஒரு நாள் யோசித்துவிட்டு அதற்கும் பெருவிரல் காட்டினார்.

தவணை முடிவில் தாரிகாவுக்குக் கணிதத்தில் எழுபத்திநாலு. எழுபத்தைந்து எடுத்திருந்தால் ஏ.

"அப்பா, நீங்கள் எனக்கு ஒரு புள்ளி தரவேணும்."

"தாறன்."

எப்படிக் கொடுப்பதென்று ஒரு தாளில் படிப்படியாக எழுதப் பார்த்தார். முதற்படியே வரவில்லை. தாரிகா சோற்றுக்கு இருக்கும்போதெல்லாம் கேட்கிறாள். அவர் இன்னும் கொடுக்கவில்லை.