சூளகிரி வரை கசியாத பேருந்து

பெங்களூரில் ஆய்வு செய்யும் என் தங்கை, சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு தெர்மாகோல் பெட்டியைப் பச்சைக் குழந்தையைப் போல என் கையில் கொடுத்தாள். கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் இருக்கும் அவள் தோழியிடம் ஒரு மணிக்குள் சேர்க்க வேண்டும். அங்குள்ள நுண்ணோக்கி அன்றைக்கு மட்டும்தான் காலி. தவறினால் இரண்டு மாத வேலை வீண்.

உள்ளே இரண்டு குடுவைகளில் உயிருள்ள குடல் செல்கள். அவை நெருங்கி ஒட்டி நிற்பதால்தான் நாம் குடிக்கும் ரசம் கண்ட இடத்தில் கசிவதில்லை. ஒட்டுவதற்கென்றே புரதங்கள் உண்டு. ஆனால் தாமாக வரிசையில் நிற்கமாட்டா. கட்டடச் சாரம் போலத் தாங்கும் சாரப் புரதம் என்ற ஒன்று ஒரு கையால் அவற்றையும், மறு கையால் செல்லின் உள் இழைகளையும் பிடித்து, எல்லையோரம் நிறுத்தி வைக்கிறது. இரண்டாவது குடுவையில் அதை மட்டும் நீக்கியிருந்தார்கள். "ஆளெல்லாம் இருக்கும், சுவர் இருக்காது" என்றாள் தங்கை. நான் நம்பவில்லை.

ஒசூரில் பதினொன்றே காலுக்குக் கிருஷ்ணகிரிப் பேருந்தில் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், நிற்க மட்டும் இடம். வழக்கப்படி பெட்டியை உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒப்படைத்தேன். ரோஜா விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பும், பேரிகை ஊர்க்கார அம்மா.

"உள்ள என்னங்க சார், கேக்கா?"

"உயிரோட இருக்குதுங்க."

"கோழிக்குஞ்சா? மூச்சு வுட ஒரு ஓட்டகூட போடலியே, பாவி மனுசா!"

பிறகு அவர் தெலுங்கில் ஒரு வெங்காய மூட்டையை நகர்த்தினார், கன்னடத்தில் இருவரை உள்ளே தள்ளினார், தமிழில் நடத்துநரை அடக்கினார். என்னையும் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். பெட்டியின்மேல் ஒரு முழங்கைகூடப் படவில்லை.

சூளகிரியில் அவர் இறங்கினார். நம்மூர் வழக்கில் மடிச்சுமை இருக்கைக்கே சொந்தம். அடுத்து உட்கார்ந்த துணி வியாபாரி பாய் மடிக்குப் பெட்டி போயிற்று. "கண்ணாடிக்காரருகிட்ட மட்டும் குடுங்க பாய்" என்று அந்த அம்மா கத்திவிட்டுப் போனார். பேருந்தில் மூக்குக் கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான்.

அதே ஆட்கள், அதே இருக்கைகள். ஐந்தே நிமிடத்தில் மூட்டை படிக்கட்டுக்கு வந்தது, யாருடைய தூக்குவாளியோ சாய்ந்து ரசம் மூன்று வரிசை தாண்டி ஓடியது. நெரிசலில் என் கண்ணாடி விழுந்தது. பாய் மட்டும் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

கிருஷ்ணகிரியில் மணி பன்னிரண்டு நாற்பது. பெட்டியைக் கேட்டேன்.

"இது கண்ணாடிக்காரருதுங்க. உங்க மூஞ்சில ஒண்ணயும் காணமே?"

"கீழ விழுந்துடுச்சு பாய்."

"அப்ப எடுத்துப் போட்டுக்கிட்டு வாங்க."

இருக்கைகளுக்கு அடியில் தவழ்ந்தேன். படிக்கட்டருகே மூட்டையின் கீழே கிடைத்தது. ஒரு பக்கம் கண்ணாடி இல்லை, இன்னொரு பக்கம் ரசம். போட்டுக்கொண்டு நின்றேன். பாய் உற்றுப் பார்த்தார்.

"பாதிதான் இருக்குது. பாதிப் பொட்டி குடுக்கட்டுங்களா?"

சிரித்தபடி முழுப் பெட்டியையும் தந்தார். ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் கல்லூரியில் சேர்த்தேன்.

மாலையில் தங்கை அழைத்தாள். செல்கள் நலம். முதல் குடுவைச் செல்கள் சாயத்தைத் தடுத்தன, இரண்டாவதில் கசிந்துவிட்டது. "இப்பவாவது நம்புறியா அண்ணா?"

"சூளகிரியிலேயே நம்பிட்டேன்."

இந்த வழியில் போகிறவர்களுக்கு: சன்னலோர இருக்கையைத் தேடாதீர்கள். பேருந்தை அதட்டுகிறவர் யாரென்று பாருங்கள். அவர் எந்த ஊரில் இறங்குகிறார் என்று கேட்டுக்கொண்டு, பிறகு ஏறுங்கள்.