பென்சிலில் குறித்த கோணல்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் தோல் பயணப்பைகள் செய்து, சென்னைக் கடை ஒன்றுக்கு அனுப்பிவந்தேன். வேறு ஆர்டர் எனக்குக் கிடையாது. மாட்டுக்குச் சலங்கைப் பட்டை தைக்கும் முருகன்தான் பைகளையும் தைத்தார். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைப்பார்.

ஒருமுறை பத்துப் பைகளும் திரும்பி வந்தன. “மெஷினில் தைத்துவிட்டுக் கைத்தையல் என்று ஏமாற்றுகிறீர்கள்” என்று கடைக்காரர் எழுதியிருந்தார். தையல் அத்தனை நேராக இருந்தது.

பயந்துபோய், முருகனிடம் கொஞ்சம் கோணலாகத் தைக்கச் சொன்னேன்.

“தப்பா தைக்கச் சொல்லுதீங்களா அண்ணாச்சி?”

இரண்டு நாள் முயன்றும் அவர் கை கோணவில்லை. “எங்கன கோணணும்னு நீங்களே குறிச்சுத் தாங்க” என்றார். பென்சிலால் நேர்கோட்டை விட்டு மேலும் கீழுமாகப் புள்ளி வைத்தேன். ஒரு புள்ளிகூடத் தவறாமல் தைத்துத் தந்தார்.

“இதுதான் உண்மையான கைவேலை” என்று, அந்தப் பைகளை அனுப்பியதும் கடையிலிருந்து கடிதம் வந்தது. முருகனிடம் வாசித்துக் காட்டினேன்.

“அவிய மெச்சுனது என் கையவா, உங்க பென்சிலவா?”

திரும்பி வந்த அந்த நேர்த்தையல் பைகளில் ஒன்றைத்தான் இன்றும் வெளியூருக்கு எடுத்துப்போகிறேன். “மெஷின் தையலா?” என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.