ஒரு வீட்டுக்கு ஒரு பிட்: சிக்கந்தர் நினைவாக

சிக்கந்தர் இறந்துவிட்டார் என்று அவர் தோட்டத்தில் வேலை பார்க்கும் பாண்டி வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. மழையில் செல்போன் கோபுரங்கள் எல்லாம் ஊமையாகிக் கிடந்த மதியம் அது. வடகவுஞ்சிப் பக்கமிருந்து கொடைக்கானல் பஜார் வரைக்கும் பைக்கில் நனைந்துகொண்டே வந்திருந்தார் பாண்டி. ஸ்வெட்டர் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் பட்டறையின் மரப்படியில் தண்ணீர் சொட்ட நின்று, "பாய் கட்டில்ல கெடக்காருங்க. எழுப்பி எழுப்பிப் பாத்துட்டேன், எந்திரிக்கலைங்க" என்றார். நான் சுவரிலிருந்த பலகையைக் காட்டி, "அதெப்படிப்பா? அவரு வீட்டு விளக்கு எரியுதே" என்றேன்.

பாண்டி பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒடம்பு சில்லுன்னு ஆயிருச்சுங்க" என்றார்.

சிக்கந்தரை அறிந்த உங்களில் பலருக்கு அந்தப் பலகை தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹோட்டல்களுக்கு வெந்நீர் டைமர் செய்து பிழைத்துக்கொண்டிருந்த நாங்கள் இரண்டு பேரும், ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து கூக்கால் பாதை அடைபட்டபோதுதான் இந்தச் சோலியில் இறங்கினோம். மலையில் தனித்தனியாகக் கிடக்கும் வீடுகளில் ஆளுக்கொரு சுவிட்ச். காலையில் எழுந்ததும் அதை ஒரு தடவை அமுக்க வேண்டும். "இருக்கிறோம்" என்று அர்த்தம். அந்தச் செய்திகளை மலைமேல் வைத்த ஒரு கருவி சேர்த்து, ரேடியோவில் பட்டறைக்கு அனுப்பும். பலகையில் அந்த வீட்டு விளக்கு எரியும். எரியாத வீட்டுக்கு யாராவது போய்ப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம். அதற்குள் இருந்த சூட்சுமம் முழுவதும் சிக்கந்தருடையது.

பனியிலும் மழையிலும் அந்தச் சின்ன ரேடியோ நாலைந்து வார்த்தைக்கு மேல் சுமக்காது. வீட்டுப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் அனுப்பக் கட்டுப்படியாகாது. சிக்கந்தர் ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு பிட் கொடுத்தார். ஒன்று அல்லது சைபர். எட்டு வீடு சேர்ந்தால் ஒரு பைட். பைட்டுகளை வரிசையாக அடுக்கினால் எங்கள் மலை அதில் அடங்கிவிடும். வீட்டு எண்ணை எட்டால் வகுத்தால் எந்த பைட் என்று தெரியும். மீதி எத்தனையோ அத்தனை இடம் ஒரு ஒன்றைத் தள்ளி வைத்தால் அதுதான் அந்த வீடு. கணினியின் சி மொழியில் இரண்டே வரி. எழுதி முடித்துவிட்டு, "அக்கம்பக்கத்துல ஏழு வீடு தூங்குது மாப்ளே. அதுல ஒண்ணையும் எழுப்பாம நம்ம வீட்டுக் கதவை மட்டும் தொடணும். பிட்டைத் தொடுறதுன்னா அவ்வளவுதான்" என்றார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. இரண்டு பேருமே ஒருவரையொருவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். யாருக்கு யார் மாமன் என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை.

அவர் தப்பே செய்யாத மனிதர் என்று நான் எழுதினால் அவரே எழுந்து வந்து திட்டுவார். முதல் மழைக்காலத்தில் கூக்காலில் ஒரு பெரியவர் வீட்டு விளக்கு எரியவில்லை. ஜீப் பாதியில் நின்றுவிட, மிச்ச தூரத்தை அட்டைக்கடியோடு நடந்தோம். பெரியவர் அடுப்படியில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க ஏன் அமுக்கல?" என்று சிக்கந்தர் மூச்சு வாங்கக் கேட்டார். "அமுக்காம என்னய்யா? வெள்ளனே எந்திரிச்சு அமுக்குனேன். அதுக்குக் கேட்டுச்சோ கேக்கலையோன்னு இன்னொருக்கவும் நல்லா அழுத்தி அமுக்குனேன்" என்றார் பெரியவர்.

சிக்கந்தர் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சேர்க்கும் குறிக்குப் பதிலாக, மாற்றிப்போடும் கூரைக் குறியை (^) அவர் எழுதியிருந்தார். அந்தக் குறி சைபரை ஒன்றாக்கும், ஒன்றை மறுபடி சைபராக்கும். பெரியவரின் முதல் அமுக்கலில் எரிந்த விளக்கை இரண்டாவது அமுக்கல் அணைத்துவிட்டது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம், "ரெண்டு தடவ இருக்கேன்னு சொன்ன மனுசனை இல்லாம ஆக்கிட்டோமே மாப்ளே" என்று புலம்பிக்கொண்டே வந்தார். பட்டறைக்கு வந்து ஈரச் சட்டையோடு அந்தக் கூரையை அழித்து, சேர்க்கும் குறியான நிமிர்ந்த கோட்டைப் போட்டார். அதற்குப் பிறகு எத்தனை தடவை அமுக்கினாலும் ஒன்று ஒன்றாகவே இருந்தது. மாலையில் எல்லா வீடும் தானாகச் சைபருக்குத் திரும்பும். நடுவில் எந்த பிட்டையும் யாரும் கையால் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

இன்னொரு நாள், இடி விழுந்து கரண்ட் போய் வந்த காலையில், யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணின் விளக்கு எரிந்தது. கடைசி பைட்டில் மிச்சமிருந்த இடம் அது. வீடே கிடையாது. "இந்த வீட்டுக்கு யாரு மாப்ளே வரி கட்டுறது?" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. மலைமேல் இருந்த கருவி விழித்ததும், தன் நினைவில் கிடந்த பழைய குப்பையை அப்படியே அனுப்பியிருந்தது. முதலில் எல்லாவற்றையும் சைபராக்கிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதை அவர் எழுதாமல் விட்டிருந்தார். அன்றைக்கு அவர் சொன்னதை நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். "பொய்யா ஒரு சைபர் வந்தா நமக்கு ஒரு நடை வீண், அம்புட்டுத்தான். பொய்யா ஒரு ஒண்ணு வந்தா அந்த வீட்டுக்கு ஒருத்தனும் நடக்க மாட்டான்."

அவர் இறந்த வாரம் அவருடைய மனைவி நூர்ஜஹான் மகளின் பிரசவத்துக்காகப் பழனியில் இருந்தார். தோட்ட வீட்டில் சிக்கந்தர் தனியாக இருந்தார். அன்று காலை அவர் வீட்டு விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டு, மழை விட்டதும் வருவார் என்று நான் டீ குடிக்கப் போனேன். பாண்டி வந்து சொன்ன பிறகு ஓடினோம். கிளம்பும்போது, சேதி கேட்டுப் பட்டறைக்கு ஓடிவந்த சிக்கந்தரின் தம்பி பலகையைப் பார்த்து, "அணைச்சிரவாண்ணே?" என்று கேட்டான். அவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எனக்கும்தான். ஆனாலும் கையால் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அங்கே அவரைக் குளிப்பாட்ட நாங்கள் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தோம். இங்கே பூட்டிய பட்டறையில் அவர் வீட்டு விளக்கு பொழுது சாயும்வரை எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் மாரடைப்பு என்றார். காலையிலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார். எந்த நேரம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

நூர்ஜஹான் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அவர் அப்போது இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண்கள் சில மாதம் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பார்கள். கதவுக்கு உள்ளே இருந்துதான் பேசினார். "அன்னைக்கு விளக்கு எரிஞ்சுச்சாமே அண்ணே. அப்ப அவரு எந்திரிச்சிருக்காருல்ல? சுபுஹு தொழுதுட்டு வந்துதான அமுக்குவாரு?" அதிகாலைத் தொழுகையை முடித்துவிட்டு, சுவிட்சை அமுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் படுப்பது அவர் வழக்கம். எரிந்த விளக்கு அந்தப் பெண்ணுக்குக் கணவனின் கடைசித் தொழுகையாக இருந்தது. தனியாகத் துடித்துக்கொண்டு கிடக்கவில்லை, தொழுதுவிட்டு நிம்மதியாகப் படுத்தவர் எழவில்லை என்று அவர் நம்புவதற்கு அது ஒன்றே ஆதாரம். "ஆமாம்மா" என்றேன். நானும் அதைத்தான் நம்பினேன்.

அதன் பிறகு அவர் வீட்டு விளக்கு எரியவே இல்லை. அந்த சுவிட்சை அமுக்க நூர்ஜஹானுக்குக் கை வரவில்லை. எரியாத வீட்டுக்குப் போயாக வேண்டும் என்பதால் நான் தினமும் போனேன். வாசலில் நின்று, "என்னம்மா, இருக்கீங்களா?" என்பேன். "இருக்கேன் அண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வரும். திரும்பிவிடுவேன். அந்த வீட்டு எண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு வரி எழுதினால் போதும். என்னால் எழுத முடியவில்லை.

பனி இறங்கிய ஒரு காலையில் பட்டறையைத் திறந்தேன். சிக்கந்தர் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படித்தவன், இதை எல்லாம் கையால் செய்தவன், அந்த ஒரு நிமிடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு "மாப்ளே" என்று கூப்பிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு, அந்தப் பெண் மனதைத் தேற்றிக்கொண்டு அமுக்கியிருக்கிறார் என்று தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் போனேன்.

"நான் அமுக்கலையே அண்ணே" என்றார் கதவுக்குள்ளிருந்து.

வாசல் சுவரில் இருந்த சுவிட்சின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பனித்தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. இரண்டு தகடுக்கும் நடுவே பச்சைக் களிம்பு பாலம் போட்டிருந்தது. தகடுகள் ஒன்றையொன்று தொடாமலேயே, ஈரத்தின் வழியாக, "இருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த சுவிட்ச். அந்தக் களிம்பு ஒரு நாளில் பிடித்தது இல்லை. அவர் போன அன்றைக்கு இதைவிட மோசமான ஈரம்.

அப்படியென்றால் அன்று காலை விளக்கை எரிய வைத்தது அவர் விரலா, மழைத் தண்ணீரா? அவர் தொழுதாரா? இல்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று கட்டிலில் கிடந்தாரா? ஒன்று என்றுதான் அந்த பிட் சொன்னது. யார் சொல்லி ஒன்று ஆனது என்பதற்கு அதில் இடமில்லை. ஒரு பிட்டில் அதற்கு மேல் எதுவும் கொள்ளாது.

மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒன்றுமில்லை அம்மா என்று போயிருக்கலாம். அந்தப் பெண்ணின் ஒரே ஆறுதலைப் பிடுங்க நான் யார் என்றுகூட நினைத்தேன். ஆனால் அது சிக்கந்தரின் வாசல். பொய்யான ஒன்றுக்குப் பயந்தே வாழ்ந்த மனிதர் அவர். இருப்பதை அப்படியே சொன்னேன். "அன்னைக்கு அவரு அமுக்கியும் இருக்கலாம். இதுவா எரிஞ்சும் இருக்கலாம். எனக்குத் தெரியலைம்மா."

உள்ளே அழுகிறாரா என்று தெரியவில்லை. மரத்திலிருந்து பனி சொட்டுவதுதான் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"புதுசு ஒண்ணு போட்டுட்டுப் போங்க அண்ணே. நாளைலருந்து நான் அமுக்குறேன்."

"சரிம்மா."

"எரியலைன்னா வருவீங்க, அது தெரியும். எரிஞ்சாலும் வந்து ஒரு தடவ கதவைத் தட்டிட்டுப் போங்க."

சிக்கந்தர் எழுதிய ப்ரோக்ராமில் நான் இன்றுவரை ஒரு எழுத்தை மாற்றவில்லை. மாற்ற வேண்டியது எதுவும் அதில் இல்லை. எல்லா வீட்டு சுவிட்சுகளையும் கழற்றித் துடைத்து, ஈரம் புகாத ரப்பர் போட்டாயிற்று. இப்போது பலகை முழுக்க விளக்கு எரியும் காலையிலும் நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். திரும்பும் வழியில் இன்னொரு வீட்டுக் கதவையும் தட்டுகிறேன். "ஏன், எங்க வீட்டு வெளக்கு எரியலையா?" என்று பதறி வருகிறார்கள். "எரியுது எரியுது. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்கிறேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, காப்பி குடிக்கச் சொல்கிறார்கள். சிக்கந்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த நடைதான். அன்று காலை அவருக்காக நான் நடக்காத நடை.